அறுபது நிழற்படங்கள்

எங்கள் நண்பர் ஒருவர் 1992-இல் கனடாவுக்குச் சென்றார். அங்கிருந்து தம் தாயாருக்கு எழுதிய கடிதங்களின் உறைகளை அந்த அம்மையார் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். அவற்றை இப்போது எடுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை, ஊர் மாறவில்லை; மாவட்டம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது! முதற்கடிதங்களில் திருச்சிராப்பள்ளி மாவட்டம். 1995 நவம்பர் 1-இல் புதுமாவட்டம் பிறந்தபின் வந்தவற்றில் பெரம்பலூர் மாவட்டம். 2001 ஜனவரி 1-இல் அரியலூர் தனியே பிரிந்தது. அவரும் மாற்றி எழுதத் தொடங்கினார். 2002 மார்ச் 31-இல் அரியலூரை மீண்டும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். அவரும் பழையபடி எழுதினார். 2007 நவம்பர் 23-இல் மறுபடியும் பிரித்தபோது கடிதங்களே நின்றுபோயிருந்தன, கைப்பேசி வந்துவிட்டது.

நண்பர் பிறந்த நாளும் நவம்பர் 23 தான். 1965-இல் பிறந்தவர். தம் பிறந்த நாளிலேயே தம் மாவட்டமும் பிறந்ததில் அவருக்குச் சற்றுப் பெருமை உண்டு. ஆனால் அவர் வீட்டுப் பெரியவர்கள் அந்தத் தேதியை வேறொன்றாகவே நினைவில் வைத்திருந்தார்கள். 1956 நவம்பர் 23 விடியற்காலையில், கொட்டும் மழையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு வண்டி அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்று வெள்ளத்தில் கவிழ்ந்தது. நூற்று நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்ததும், அடுத்த ஆண்டுத் தேர்தல் மேடைகளில் அரியலூரின் பெயர் முழக்கமாக ஒலித்ததும் வரலாறு. தமிழ்நாட்டின் பிற பகுதியினர் பலருக்கு எங்கள் ஊர்ப் பெயர் முதன்முதலில் காதில் விழுந்ததே அந்த விபத்தின் வழியாகத்தான். நண்பரின் பாட்டியார் பேரனுக்குப் பாயசம் வைக்கும் நாளில், அதற்கு முன்பாக வாசலில் ஒரு அகல் ஏற்றிவைப்பாராம். யாருக்கு என்று சொல்லமாட்டாராம்.

2025 நவம்பரில் அவருக்கு அறுபது நிறைந்தது. பொன்னாடை, மோதிரம், வெள்ளிக் குத்துவிளக்கு என்று நாங்கள் ஆளுக்கொன்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே தொலைபேசியில் சொல்லிவிட்டார்: "ஒண்ணும் வேணாம்ப்பா. ஊரை அனுப்புங்க, போதும்."

ஊரை எப்படி அனுப்புவது? அறுபது ஆண்டுக்கு அறுபது நிழற்படம் எடுத்து அனுப்புவது என்று முடிவாயிற்று. அதுவும் கைப்பேசியில் தட்டி அனுப்புவதன்று. அப்படி வருபவை காலை வணக்கப் பூங்கொத்துகளோடு கலந்து மறுநாளே காணாமற் போய்விடுகின்றன. தாளில் அச்சிட்டு, ஒவ்வொன்றின் பின்புறமும் இடமும் நாளும் கையால் எழுதி, பெட்டியிலிட்டு அனுப்ப வேண்டும். நாங்கள் நால்வர். இருவர் அரியலூர், இருவர் பெரம்பலூர். முதற்சண்டை அங்கேயே தொடங்கியது. அவர் அரியலூர்க்காரர், ஆகவே நாற்பது படம் எங்களுக்கு என்றது ஒரு தரப்பு. அவர் ஊரைவிட்டுப் போனபோது மாவட்டமே பிரியவில்லையே, சரிபாதி வேண்டும் என்றது மறுதரப்பு. முப்பதுக்கு முப்பது என்று சமரசமானோம். இரண்டு ஊர்களுக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் அளவுதான் தொலைவு. அரியலூருக்கு ரயில் உண்டு, சென்னை - திருச்சி நெடுஞ்சாலை இல்லை. பெரம்பலூருக்கு நெடுஞ்சாலை உண்டு, ரயில் இல்லை. ஆதலால் இரு தரப்பாருக்கும் ஒருவரையொருவர் ஏளனம் செய்ய என்றைக்கும் பொருள் குறைவதில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்தில் தொடங்கினோம். புல்வெளியில் நின்று விமானத்தை முழுமையாக எடுப்பதே வழக்கம். அந்தப் படத்தை அஞ்சலட்டையிலும் நாட்காட்டியிலும் எத்தனையோ முறை பார்த்தாயிற்று. 2004-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பின் அதற்குப் பஞ்சமே இல்லை. எனவே வேறொன்று செய்தோம். கோயிலைச் சுற்றியிருந்த பெருமதிலும் வாயிற்கோபுரமும் இன்று அடிமட்டத்தோடு நிற்கின்றன அல்லவா? அந்த மொட்டைக் கோபுரத்தை ஒரு படம். அங்கிருந்து தெற்கே சில மைல் போய், கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் காலத்தில், 1836-இல், கட்டப்பட்ட கீழணையை ஒரு படம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தோம். அணை கட்டுவதற்குக் கோயிலின் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள் என்பது அந்த நூற்றாண்டிலேயே அச்சில் பதிவாகிவிட்ட செய்தி. அந்த அணைத் தண்ணீரில் எத்தனை ஊர்கள் விளைகின்றன என்பதையும் மறந்துவிட இயலாது. படத்தின் பின்னால் நாங்கள் எழுதியது இவ்வளவுதான்: 'இந்தக் கல் அங்கே.'

சண்டேச அனுக்கிரக மூர்த்தியையும் விட்டுவிடவில்லை. இறைவன் தம் கையால் அடியவன் தலையில் கொன்றைமாலையைச் சுற்றுகிறார். அடியவன் கைகூப்பித் தலைதாழ்த்தி அமர்ந்திருக்கிறான். இராசேந்திரனுக்கே சிவபெருமான் முடிசூட்டுவதைக் குறிப்பாலுணர்த்தும் சிற்பம் என்று சொல்வோர் உண்டு. அரசனோ அடியவனோ, பிறந்த நாளில் ஒருவர் தலையை இன்னொருவர் தொடுவதாகவே எங்களுக்குப் பட்டது. அதனாலேயே சேர்த்தோம்.

பழுவூருக்குச் சென்றபோது எங்களுள் ஒருவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் 'பொன்னியின் செல்வ'னைப் பன்னிரண்டு முறை படித்தவர். பழுவேட்டரையர்களைக் கல்கியின் கற்பனை என்றே எண்ணியிருப்போர் இன்றும் இருக்கிறார்கள். மேலப்பழுவூரை ஒட்டிய கீழையூர் இரட்டைக் கோயிலின் கல்வெட்டுகளைக் கண்டால் அந்த எண்ணம் போய்விடும். முதலாம் ஆதித்தன் காலத்திலேயே அவர்கள் அங்கே இருக்கிறார்கள். சிறிய கோயில்கள். தஞ்சையின் பேருருவத்தைக் கண்டு பழகிய கண்ணுக்கு முதலில் ஒன்றும் தோன்றாது. தூணடியில் அமர்ந்திருக்கும் சிங்கங்களின் முகத்தை அருகிலிருந்து பார்க்க வேண்டும். ஐந்து படம் எடுத்தோம், ஒன்றைத்தான் அனுப்பினோம். (பன்னிரண்டு முறை படித்தவர் இதற்காக இன்னும் எங்களோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை.)

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தை விரும்பிப் படிப்பவர் எங்கள் நண்பர். 1860-களில் இந்தப் பகுதியில் ஒரு பிராமணச் சிறுவன் தமிழ் கற்க யார் யாரிடம் அலைந்தான் என்பது அந்நூலில் விரிவாக வருகிறது. அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். குடும்பமே கதாகாலட்சேபத்தை நம்பி ஊர் ஊராய்ப் பெயர்ந்த காலம். எந்த ஊரில் எவர் அரிசி தந்தார், எவர் வீட்டுத் திண்ணையில் எந்நூல் பாடம் நடந்தது என்பதை எண்பது வயதுக்குப் பின்னும் அவர் மறக்கவில்லை. இந்த ஊர்களில் நிழற்படக் கருவி நுழையாத நாளின் நிழற்பட ஆல்பம் என்றே அந்தப் பக்கங்களைச் சொல்லலாம். எனவே நான்கு ஊர்களின் பெயர்ப்பலகைகளையும் எடுத்தோம். அரியலூருக்கு மட்டும் மஞ்சள் நிற ரயில் நிலையப் பலகை. மற்றவற்றுக்கு நெடுஞ்சாலைத் துறைப் பலகைகள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத படங்கள். ஆனால் நண்பரைப் போன்றவருக்கு 'செங்கணம்' என்ற எழுத்துகள் போதும் என்று நம்பினோம்.

ஏலாக்குறிச்சிக்கும் அவ்வாறே போனோம். வீரமாமுனிவரின் திருக்காவலூர் அதுதான். இத்தாலியிலிருந்து வந்த ஒருவர் கொள்ளிடத்தின் வடகரையில் அடைக்கல அன்னைக்குக் கோயிலெழுப்பி, அவ்வூர்ப் பெயராலேயே கலம்பகம் பாடினார். நிலம் கொடுத்தவர் அரியலூர் மழவராயர். ஊரைவிட்டு அயல்நாடு போனவருக்கு, அயல்நாட்டிலிருந்து வந்து ஊரானவரின் கோயில் ஒரு படம்!

பெரம்பலூர்த் தரப்பின் முறை வந்தபோது அவர்கள் எடுத்த எடுப்பில் பன்னிரண்டு கோடி ஆண்டுகள் பின்னே போய்விட்டார்கள். சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரம் பதினெட்டு மீட்டர் நீளம். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் அதை அடையாளங்கண்டார். வேலியிட்டுக் காக்கிறார்கள். பக்கவாட்டில் படுத்துக்கொண்டு எடுத்தால் நேற்று முன்தினம் சாய்ந்த மரம்போலவே விழுகிறது. பட்டையின் வரியும் கணுவும் அப்படியே இருக்கின்றன. அங்கிருந்து காரை. செம்மண்ணும் சாம்பல் நிறமுமாக ஓடைகள் அரித்த பள்ளத்தாக்கு. மாலை நான்கரைக்கு மேல்தான் அதற்கு உயிர் வரும். சாய்ந்த வெயிலில் மண்ணுக்குள் ஓடும் ஜிப்சத் தகடுகள் கண்ணாடித் துண்டுகளாய் மின்னுகின்றன. காலடியில் பென்சில் முனைபோல் கிடப்பவை பெலம்னைட்டுகள், கணவாயின் தொல்லுறவினர். இந்தப் பகுதியெல்லாம் அன்று கடல். எங்கள் சிறுவயதில் சுருள்சுருளான கல் நத்தைகளைப் பள்ளிக்கு எடுத்துவந்து, பலப்பத்துக்குப் பண்டமாற்றுச் செய்வோம். அது அம்மோனைட் என்பதும், அதைத் தேடி உலகின் எங்கெங்கிருந்தோ ஆய்வாளர் எங்கள் ஊருக்கு வருகிறார்கள் என்பதும் பிற்பாடு தெரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளின் கதை. யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு புவியியலாளர்கள் அங்கே கண்டெடுத்த மாபெரும் எலும்புகளுக்கு 1987-இல் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டு அறிவித்தனர். வடமொழியில் 'பெருத்த உடல்' என்று பொருள்படும் பெயர். கால் எலும்பு ஒன்றே இரண்டு மீட்டர் நீளம் என்றது அறிக்கை. அவ்வாறாயின் உலகில் வாழ்ந்த மிகப்பெரிய உயிர்களுள் ஒன்று அரியலூர் மண்ணில் நடந்திருக்கிறது! ஆனால் அறிக்கையோடு வெளிவந்தவை கோட்டோவியங்கள். எலும்புகளோ பொலபொலவென்று உதிர்ந்துபோயின. சான்று மண்ணாகிப் போனபின் ஐயம் கிளம்பத்தானே செய்யும்? அது எலும்பே அன்று, சாத்தனூரில் கிடப்பதுபோல் கல்லான மரமாக இருக்கும் என்றனர் சிலர். பத்தாண்டுகள் சில கடந்து, 2022-இல் வெளியான ஒரு கட்டுரையில், களத்தில் அன்றைக்கே எடுத்த நிழற்படங்கள் முதன்முறையாக அச்சேறின. தெளிவு குறைந்த பழைய படங்கள்தாம். ஆயினும் மரமன்று, எலும்பே என்ற தரப்புக்கு அவற்றால் வலுக்கூடியது. யாரோ ஒருவர் அந்தப் படங்களைத் தூக்கியெறியாமல் வைத்திருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்தத் தகரப் பெட்டி நினைவுக்கு வருகிறது. கல்லமேட்டில் எலும்பில்லாத வெற்றுத் தரையை எடுத்து ஒன்பதாம் படமாக வைத்தோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபைத் தாங்கிக்கொண்டு வாலிகண்டபுரத்தில் மோதிய போரைப் பார்த்த ரஞ்சன்குடிக் கோட்டை. திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாசலில், திங்கட்கிழமைக் கூட்டம். கரும்பேந்திய முருகனின் செட்டிகுளம் மலை. அடிவாரத்தில் சின்ன வெங்காயப் பட்டறை. சாலையின் பாதியை அடைத்துக் காயும் மக்காச்சோளம், அதைச் சுற்றிக்கொண்டு போகும் நகரப் பேருந்து. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பப் பட்டறையில் இன்னும் கண் திறக்காத ஒரு தேர்ப்பொம்மை. கல்லங்குறிச்சியில் தூணாகவே நின்று அருள்பாலிக்கும் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலின் வெளிவாசல். ஜெயங்கொண்டத்து முந்திரித் தோப்பு. கரைவெட்டி ஏரி 2024-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டதே, அங்கே வரித்தலை வாத்துகளைப் பிடித்துவிடலாம் என்று இரண்டு விடியல் காத்திருந்தோம். அவை இமயத்தைத் தாண்டி வருபவை. நண்பரின் பிறந்த நாளுக்காக முன்கூட்டியே புறப்படவில்லை. நீரையும் நாணலையும் நாலைந்து நாரைகளையும் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

ஐம்பத்தொன்பது படம் தேறிவிட்டது. அறுபதாவதைப் பற்றித்தான் ஒரு வாரம் பேச்சு.

அரியலூரை ஒட்டிய ஒரு சிற்றூரில் நண்பரின் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் புன்செய் இருந்தது. கம்பும் வரகும் கடலையும் விளைந்த நிலம். ஒரு கிணறு, கிணற்றை ஒட்டி வேம்பு, வரப்போரம் பனைகள். கடற்படிவம் சுண்ணாம்புக்கல்லானதால் வந்த செல்வமும் கேடும் எங்கள் பகுதிக்குச் சேர்ந்தே வந்தன. அரசு சிமெண்டு ஆலை 1979-இல் தொடங்கியது. அதன்பின் தனியார் ஆலைகள் பல. வேலை வந்தது, கடைகள் வந்தன, லாரிகள் வந்தன, புழுதியும் வந்தது. சிற்றூரின் நிலங்களை ஒரு நிறுவனம் கேட்டபோது முதலில் பக்கத்து நிலங்கள் போயின. சுற்றிலும் பள்ளமானபின் நடுவில் நான்கு ஏக்கரை வைத்துக்கொண்டு கிணற்றில் தண்ணீர் தேட இயலாது. தாயார் கையெழுத்திட்டார். நண்பர் அங்கிருந்து தொலைபேசியில் 'சரி' என்றார். 2019-இல் தாயார் மறைந்தபோது வந்தவர், எரியூட்டிய கையோடு பத்தாம் நாள் திரும்பினார். நிலத்தின் பக்கம் போகவில்லை. போகலாமா என்று நாங்களும் கேட்கவில்லை.

இன்று அங்கே சுரங்கம் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. ஆழமான பள்ளம், படிப்படியாக வெட்டிய வெண்சுவர்கள், அடியில் பச்சை நிறத்தில் அசையாத நீர். உண்மையைச் சொன்னால், நாங்கள் எடுத்தவற்றுள் அழகான படம் அதுதான். முகம் பார்க்கும் கண்ணாடிபோல் நீர். வானமும் வெண்சுவரும் தலைகீழாய். அதுவே எங்களைச் சங்கடப்படுத்தியது.

மணிவிழாவன்று ஒருவருக்கு அவருடைய நிலத்தின் குழியை அனுப்புவதா என்றார் எங்களுள் ஒருவர். பிறந்த நாள் பரிசென்றால் மகிழ்ச்சி தரவேண்டும்; கோயிலும் குளமும் போதும்; வேண்டுமானால் மருதையாற்றுப் பாலத்தை அறுபதாவதாக வைப்போம் என்பது அவர் கட்சி. மற்றொருவர் கேட்டார்: விபத்து நடந்த ஆற்றை அனுப்பலாம், சொந்த நிலத்தை அனுப்பக்கூடாதா? மற்றவர் துயரமென்றால் வரலாறு, நம்மவர் துயரமென்றால் மட்டும் மறைக்க வேண்டுமோ? அவர் 'ஊரை அனுப்புங்கள்' என்றாரே ஒழிய 'ஊரில் நல்லதை அனுப்புங்கள்' என்று சொல்லவில்லையே. சிலர் காணாமலிருக்கவே விரும்புவர், அந்த உரிமையை நாம் பறிக்கலாமா என்று மீண்டும் முதலாமவர். இந்த வாதத்துக்கு எங்களிடம் விடை இருக்கவில்லை. பாலத்தை ஐம்பத்தொன்பதில் ஒன்றுக்கு மாற்றாக உள்ளே சேர்த்தோம். (நீக்கப்பட்டது பழுவூர்ச் சிங்கம் அன்று, பயப்பட வேண்டாம், நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி.) சுரங்கப் படத்தைத் தனி உறையிலிட்டு ஒட்டி, மேலே 'நிலம்' என்று எழுதி, பெட்டியின் அடியில் வைத்தோம். பிரிப்பதும் பிரிக்காததும் அவர் விருப்பம்.

பெட்டி நவம்பர் 20-ஆம் தேதியே போய்ச் சேர்ந்துவிட்டது. 23-ஆம் தேதி இரவு, எங்கள் கணக்கில் 24 விடியற்காலை, அழைப்பு வந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. சண்டேசரைப் பற்றி இல்லை. மக்காச்சோளத்தைச் சுற்றிப்போகும் பேருந்தைக் காட்டி, அது எந்த வழித்தடம், இன்னும் ஆலமரத்தடியில் நிற்கிறதா என்று கேட்டார். செங்கணம் பலகையைச் சட்டமிட்டு மாட்டப்போவதாகச் சொன்னார். எங்களுக்கு ஒரே பெருமிதம். பாலத்தைப் பற்றிப் பேசும்போது, அன்று காலை தம் வீட்டு வாசலில், பனியில் நில்லாது என்பதால் உட்புறம் சாளரத்தருகே, அகல் ஏற்றியதாகச் சொன்னார்.

பிறகு சற்று நேரம் பேச்சில்லை.

"அந்தக் கவரைப் பிரிச்சேன்ப்பா," என்றார். "அந்தப் பச்சைத் தண்ணிக்கு எந்தப் பக்கம் நம்ம கெணறு?"

எங்களுக்குத் தெரியவில்லை. நால்வரும் அந்தக் கிணற்றில் குதித்து நீந்தியவர்கள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தோம். பள்ளத்தின் வடமேற்கு விளிம்பில் ஒற்றைப் பனை ஒன்று நிற்கிறது. அது நம் வரப்புப் பனையா, அடுத்த நிலத்துப் பனையா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. நம்முடையதுதான் என்றால் அதற்குக் கிழக்கே நாற்பது அடியில் கிணறு இருந்திருக்கும். அதாவது நீருக்கு மேலே, இப்போது வெறும் காற்றாக இருக்கும் இடத்தில். கிராமக் கணக்கிலிருந்து பழைய புல வரைபடத்தின் நகல் வாங்கியாயிற்று. நில அளவையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சங்கிலியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பனையடியிலிருந்து அளக்கப் போகிறோம். இடம் தெரிந்ததும் படத்தின் மறுபிரதியில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்து அனுப்பவேண்டும்.